'ஷெய்தான்' (1974) பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

கடைசிபெஞ்ச்: நேற்று ராத்திரி இந்தத் துருக்கிப் படத்தைப் பார்த்தேன். 'எக்ஸார்சிஸ்ட்' என்ற ஹாலிவுட் பேய்ப்படம் வந்த மறு வருடமே அதைக் காட்சிக்குக் காட்சி உருவி எடுத்திருக்கிறார்கள். சிறுமிக்குப் பேய் பிடித்ததும் கட்டில் குலுங்குகிறது. பயமே வரவில்லை, அடியில் யாரோ படுத்துக்கொண்டு ஆட்டுகிறார் என்றுதான் தோன்றியது. தலை திரும்பும் இடத்தில் பொம்மை என்று அப்பட்டமாகத் தெரிகிறது. விளக்கை அணைத்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தனியாக உட்கார்ந்ததுதான் மிச்சம். இதை ஏன் ஆளாளுக்குப் பார்க்கச் சொல்கிறார்கள்?

பழையரீல்: சிரிக்கத்தான் அண்ணே! 'எக்ஸார்சிஸ்ட்' படத்தில் வரும் 'டியூபுலர் பெல்ஸ்' இசையைக்கூட விடவில்லை. சும்மா படியேறினாலும் அதே மணியோசை.

மதுரைக்காரி: எனக்கு ஒன்று பிடித்தது. பாதிரியார் கிடையாது, புனித நீருக்குப் பதில் மெக்காவின் ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீர். கதையைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவர அந்த அளவாவது மெனக்கெட்டிருக்கிறார்கள். அப்புறம், இயக்குநர் மெதின் எர்க்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'சுசுஸ் யாஸ்' படத்துக்காக 1964இல் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடி வாங்கியவர்.

கடைசிபெஞ்ச்: அதுதான் வயிற்றெரிச்சலே! தங்கக் கரடி வாங்கிய கையா அந்தக் கட்டிலை ஆட்டியது? சரி, அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கிறேன். இந்தத் தடவை விளக்கைப் போட்டுக்கொண்டே.