புதுப்பிப்பு: தங்கையின் பிரிட்டன் விசா வந்துவிட்டது

மாப்பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன். கணவரோடு போய்ச் சேரும் விசாவுக்குக் காட்ட வேண்டிய வருமானக் கணக்கில் தங்கையின் தரமணி ஐ.டி. சம்பளத்தையும் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சேர்க்க முடியாது. இங்கிருந்து விண்ணப்பித்தால் வேலைச் சம்பளம் என்று பார்ப்பது அங்கே இருப்பவருடையதைத்தான்: ஆண்டுக்குக் குறைந்தது 29,000 பவுண்டு. 2024 ஏப்ரல் 11-க்கு முன்பு 18,600தான். 'மாதாமாதம் நான் பணம் அனுப்புகிறேன்' என்று கடிதம் தர அப்பா தயாராக இருந்தார், பாவம். அதுவும் எடுபடாது. வெறும் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதமாகக் கையில் இருக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது?

மாப்பிள்ளையின் ஆறு மாதச் சம்பளச் சீட்டையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் எதிரெதிரே வைத்து, கைக்கு வந்த தொகையைப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே போனோம். ஒரு மாதம் போனஸ் தனி வரவாக விழுந்திருந்தது. அதையும் கம்பெனிக் கடிதத்தில் எழுதி வாங்கினோம்.

கோயில் ரசீதை நம்பாமல் சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழையே வைத்தோம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கல்யாணப் பதிவு எப்படியும் கட்டாயம்தானே. காசநோய்ப் பரிசோதனை சென்னையிலேயே முடிந்தது; சான்று ஆறு மாதம்தான் செல்லும், அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஏ1 என்ற அடிப்படை நிலை ஆங்கிலத் தேர்வில் பேசுவதும் கேட்பதும் மட்டும்.

விசா 2 ஆண்டு 9 மாதத்துக்கு. அப்புறம் அங்கேயே நீட்டிக்க வேண்டும். அப்போதும் வருமானம் காட்டியாக வேண்டும், ஆனால் அவள் அங்கே சம்பாதிப்பதும் சேரும்.