குட்டை ஸ்ப்ரூஸ் ஏன் வளரவே மாட்டேங்குது?

வளவுவீட்டு ஆச்சி:
டொரன்டோல மக வீட்டு வாசல்ல ட்வார்ஃப் அல்பர்ட்டா ஸ்ப்ரூஸ்னு ஒரு குட்டை ஊசியிலை மரம் வச்சு 5 வருசமாச்சு, இன்னும் இடுப்பளவு கூட வரல, ஆனா இப்ப ஒரே ஒரு கிளை மட்டும் தனியா விறுவிறுன்னு மேல போவுதாம். ஒரு கன்னு காரைக்குடிக்கு கொண்டாந்து முத்தத்துல வைக்கலாமான்னும் கேக்குறா.

தோட்டக்கிறுக்கன்:
ஆச்சி, அதோட குணமே அதுதான், வருசத்துக்கு 2-4 இஞ்ச் வளந்தா பெருசு. 1904ல கனடா லேக் லூயிஸ் பக்கம் கண்டெடுத்த வெள்ளை ஸ்ப்ரூஸோட குட்டை ரகம் இது. அந்த நீளக் கிளை பழைய பெரிய மரத்து குணத்துக்கு திரும்புது, உடனே அடியோட வெட்டச் சொல்லுங்க, விட்டா மத்தத அமுக்கிட்டு அதுவே மரமாயிடும். கூம்பு ஷேப் தானா வரும், சும்மா கத்தரி போட வேணாம், இலையில்லாத பழைய கட்டைல திரும்ப துளிர்க்காது.

கோட்டையூரான்:
முத்தத்துலயா?? அதுக்கு குளிர்காலத் தூக்கம் வேணும் ஆச்சி, நம்ம சித்திரை வெயிலும் தளக்கல்லு சூடும் சேந்தா ஒரு மாசம் தாங்காது, இலைச் சாறு உறிஞ்சுற செம்பேன் பூச்சி வேற புடிக்கும். செடி கொண்டு வர இறக்குமதி பர்மிட், செடிக்கான சுகாதார சர்டிஃபிகேட்னு அலையணும். பேசாம கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்குற அரக்கேரியா ஒண்ண தொட்டில வைங்க.

வளவுவீட்டு ஆச்சி:
சரிப்பா, கிளைய வெட்டச் சொல்லிட்டேன். அரக்கேரியா நர்சரில என்ன வெலை?