புதுப்பிப்பு: மகளின் குட்டிப் படங்கள் சுவரேறிவிட்டன

பாளையங்கோட்டையில் வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது, மகள் வரைந்த தபால் அட்டை அளவுப் படங்கள் 20 இருக்கின்றன, அதிகச் செலவில்லாமல் எப்படி மாட்டுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

பலர் சொன்ன இருபக்க டேப்பை முதலில் ஒட்டினேன். நாலாம் நாளே சுண்ணாம்புப் பொருக்கோடு கையில் வந்துவிட்டது. வெள்ளையடித்த சுவரில் பசை பிடிப்பது மேலே உள்ள பொடியைத்தான்.

சரி என்று பரணில் ஓரம் பிய்ந்து கிடந்த பத்தமடைப் பாயை எடுத்தோம். நல்ல பகுதியை வெட்டி, விளிம்பில் துணி வைத்துத் தைத்து, ஏற்கெனவே இருந்த கொக்கியில் தொங்கவிட்டாயிற்று. கோரை இடுக்கில் நூலை நுழைத்துக் கட்டி, சின்ன மரக் கிளிப்புகளில் படங்கள். படத்தில் ஓட்டையும் இல்லை, பசையும் இல்லை, நினைத்தபோது மாற்றலாம். கிளிப்புக்கு மட்டும்தான் காசு. ஆச்சிக்குத்தான் மனசு ஆறவில்லை: “ஏல, படுக்க பாயைப் போயி சுவத்துல தொங்க விட்டுருக்கியே!”

வாட்டர்கலர் படங்களை மட்டும் மேற்கு வெயில் படாத பக்கம் வைத்தேன், நிறம் வெளிறிவிடும். ஐப்பசி மழைக்கு முன் பாய்க்குப் பின்னால் இரண்டு மரக்கட்டை வைத்து, ஈரச் சுவரிலிருந்து விரலளவு தள்ள வேண்டும்.