தாத்தாவின் சவரக்கத்தி துருப்பிடிக்கிறது, 2 வருஷம் வைக்க வேண்டும் – அவசர உதவி

துறைமுகத்தான்
வணக்கம். தாத்தாவின் சவரக்கத்திகள் மூன்று என்னிடம் இருக்கின்றன, மடக்குகிற பழைய வகை. எண்ணெய் தடவித்தான் வைத்தேன், அப்படியும் துரு வருகிறது. அடுத்த வாரம் கத்தார் கிளம்புகிறேன், திரும்பி வர 2 வருஷம் ஆகும். வீட்டில் வேறு யாரும் இதைத் தொட மாட்டார்கள். என்ன செய்து வைக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

லேத்பட்டறை
என்ன எண்ணெய்? எந்த ஊர்? எதற்குள் போட்டு வைத்தீர்கள்? மூன்றிலும் துருவா, ஒன்றில் மட்டுமா?

சாணைக்கல்
இந்தக் கேள்வி ஒவ்வொரு ஐப்பசிக்கும் இங்கே வரும். மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் வாங்கித் தடவுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். வேலை முடிந்தது.

கொப்பரை
எங்கள் தெரு சலூன்காரர் காலம் முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான் தடவினார். கத்தி கண்ணாடி போல இருக்கும். மருந்துக்கடைக்கெல்லாம் எதற்கு?

சாணைக்கல்
அவர் தினமும் துடைத்துத் தினமும் தடவினார். இவர் 2 வருஷம் தொடப்போவதில்லை. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் காறிப்போகும். காறல் என்றாலே அதற்குள் அமிலம் ஊறிவிட்டது என்று பொருள். இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

கொப்பரை
விளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பிசினாகும், ஒப்புக்கொள்கிறேன். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பிசுபிசுக்காது.

சாணைக்கல்
நான் பிசினைப் பற்றிப் பேசவே இல்லை. படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

துறைமுகத்தான்
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். தூத்துக்குடி, கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. தையல் மிஷின் எண்ணெய். எவர்சில்வர் சம்படம், மூடி நல்ல இறுக்கம். ஒரு கத்தியில்தான் துரு மோசம்.

லேத்பட்டறை
அட, கடற்கரை என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி! உப்புக்காற்றுதான் காரணம். விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. வெறுங்கையால் தொட்ட இடத்தில் ரேகை அப்படியே துருவாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு துடைத்து, மெழுகு தடவுங்கள். தோல் உறை இருந்தால் கழற்றிவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

பழம்பொருள்
உப்புக்காற்று என்றால் மூன்றையும்தானே பிடித்திருக்க வேண்டும்? ஒரே சம்படம், ஒரே எண்ணெய். துறைமுகத்தான், இரண்டு விஷயம் சொல்லுங்கள். மோசமான கத்தியில் துரு எந்த இடத்தில் இருக்கிறது? அதன் கைப்பிடி எதனால் ஆனது?

மழைக்காகிதம்
டபிள்யூ.டி.40 ஸ்ப்ரே அடித்துவிட்டால் போதும் நண்பரே.

சாணைக்கல்
அந்தப் பெயரிலுள்ள டபிள்யூ.டி. என்பதே தண்ணீரை விரட்டுவது என்பதைத்தான் குறிக்கிறது. விரட்டிவிட்டு அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுகிற மெல்லிய படலத்தை நம்பி 2 வருஷம் விட முடியாது.

துறைமுகத்தான்
மோசமான கத்திக்குத் தந்தக் கைப்பிடி, இலேசான மஞ்சள். மற்ற இரண்டும் கறுப்பு, எருமைக் கொம்பு என்று தாத்தா சொல்வார். துரு அலகின் இரண்டு பக்கமும், மடக்கினால் கைப்பிடிக்குள் மறைகிற பகுதியில். கைப்பிடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் பளபளவென்று இருக்கிறது, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர் முத்திரைகூடத் தெளிவு. சம்படத்தைத் திறந்தால் கற்பூர வாசனை வேறு. அம்மா பூச்சிக்குப் போட்டிருப்பார்கள்.

லேத்பட்டறை
கற்பூரம் இருக்கட்டும், நல்லதுதான். துருவுக்காக டூல்ஸ் பெட்டியில் கற்பூரக் கட்டி போட்டு வைப்பவர்கள் உண்டு.

ஏட்டுச்சுவடி
தந்தம் என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறது. பரம்பரைச் சொத்தானாலும் ஆவணம் வேண்டும். விமான நிலையத்துக்கு மட்டும் கொண்டுபோய்விடாதீர்கள்.

பழம்பொருள்
அது தந்தம்தானா என்பதே எனக்குச் சந்தேகம். துறைமுகத்தான், அம்மாவிடம் கற்பூரம் போட்டார்களா என்று கேளுங்கள். அப்புறம், கைப்பிடியில் கோடுகள் ஒரே இடைவெளியில் நேராக ஓடுகின்றனவா பாருங்கள்.

துறைமுகத்தான்
அம்மா போடவே இல்லையாம். கோடுகள் நீங்கள் சொன்ன மாதிரியேதான், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. ஓரிடத்தில் உள்ளே பொடிப்பொடியாக விரிசல் தெரிகிறது.

பழம்பொருள்
அப்படியானால் அது செல்லுலாய்டு. தந்தம் மாதிரி தெரிய அப்படிக் கோடு போட்டுச் செய்வார்கள். நைட்ரோ செல்லுலோஸில் கற்பூரத்தைக் கலந்துதான் அந்தப் பிளாஸ்டிக்கையே தயாரித்தார்கள், சம்படத்தில் அடிப்பது அந்தக் கற்பூரம். பழசானதும் செல்லுலாய்டு சிதையும், நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். அது ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். கைப்பிடிக்குள் மறைகிற இரும்பை அது தின்கிறது, வெளியே நிற்கும் வாலுக்கு ஒன்றும் ஆவதில்லை. தண்ணீர் தங்கி வந்த துரு என்றால் அலகையும் கைப்பிடியையும் இணைக்கும் ஆணியைச் சுற்றித்தான் முதலில் தெரியும்.

எந்த எண்ணெயானாலும் இதை நெடுநாள் தாங்காது. இறுக்கமான மூடி இன்னும் மோசம். வாயு வெளியே போக வழியில்லாமல் சிதைவு வேகமாகும், பக்கத்துக் கத்திகளையும் பிடிக்கும். அந்தக் கத்தியை இன்றே தனியாக எடுங்கள்.

லேத்பட்டறை
உறுதி செய்ய ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கைப்பிடியில் குத்திப் பார்க்கலாமே?

பழம்பொருள்
வேண்டவே வேண்டாம் அண்ணே! செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. ஆணியின் தலையை அரத்தால் ராவித் தட்டி எடுத்து அலகைப் பிரியுங்கள். ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, பாரஃபின் எண்ணெய் தடவுங்கள். அலகு மட்டும் என்றால் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சரி. சாணைக்கல் சொன்னது கொம்புக் கத்திகளுக்கு அப்படியே பொருந்தும். கொம்பைப் பூச்சி அரிக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாணைக்கல்
நான் முதலில் சொன்னதைத்தானே சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். கைப்பிடி என்னவென்று அவர் சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

கொப்பரை
கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மழைக்காகிதம்
என்னிடமும் மஞ்சள் கைப்பிடிக் கத்தி ஒன்று இருக்கிறது, வாசனை எதுவும் இல்லை. அதையும் பிரிக்க வேண்டுமா?

பழம்பொருள்
விரிசலும் புதுத் துருவும் இல்லையென்றால் பிரிக்க வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் தனியாக வைத்து, மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

துறைமுகத்தான்
பிரித்துவிட்டேன். உள்பக்கம் முழுக்கப் பழுப்பு, கூர் விளிம்பு ஓரிடத்தில் பல் பல்லாக அரித்துவிட்டது. அலகு மூன்றுக்கும் பாரஃபின் தடவியாயிற்று. நாளை விமானம். எல்லோருக்கும் நன்றி.

பழம்பொருள்
நல்லது. அந்தக் கைப்பிடிப் பட்டைகளை எங்கே போட்டீர்கள்? அதே சம்படத்தில் வேண்டாம், அடுப்பு பக்கமும் வேண்டாம்.

பழம்பொருள்
துறைமுகத்தான்?