தாலி கட்டிய பிறகு கேட்ட கெட்டிமேளம்: கேப்சர் கார்டு வாங்கிய அனுபவங்கள்

அக்காவின் கல்யாணம் 1996இல், கும்பகோணத்தில் நடந்தது. மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட். போன ஐப்பசி மழையில் பீரோவை ஒழித்தபோது எடுத்துப் பார்த்தால், நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அதைத் துடைத்துத் தர ஆள் பிடித்த கதை தனி. அன்றைக்கே, வி.சி.ஆரில் ஓடும் படத்தைக் கணினியில் பதியும் கருவியான கேப்சர் கார்டும் ஒன்று வாங்கினேன். விலை குறைவு, யு.எஸ்.பி.யில் செருகினால் போதும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

முதலில் படம் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழும் உருண்டது. அரக்குச் சேலை கட்டிய அக்கா சாம்பல் நிறத்தில் நின்றாள். ஒரு மணி நேரம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய பிறகுதான் தெரிந்தது, மென்பொருள் அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. என்ற வீடியோ முறையில் இருந்திருக்கிறது. நம் ஊர் கேசட்டுகள் பி.ஏ.எல். முறை: 720×576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்). மாற்றியதும் அரக்கு வந்துவிட்டது.

முழுக் கேசட்டையும் பதிந்து, வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அத்தான் தாலி கட்டினார், நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டார், அட்சதையும் விழுந்து ஓய்ந்தது. அப்புறம் கேட்டது கெட்டிமேளம்! அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பழைய நாடாவிலிருந்து வரும் சமிக்ஞை நடுங்கும். அப்போது மலிவுக் கார்டு அந்தச் சட்டகத்தையே விட்டுவிடுகிறது. ஒலியோ தன் பாட்டுக்கு ஓடுகிறது. ஒரு சட்டகம் போனால் 40 மில்லிவினாடி, நூறு போனால் நான்கு வினாடி. கார்டை மாற்றியும் பாதிதான் சரியானது. மீதியைத் தீர்த்தது சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த டி.வி.டி. ரெக்கார்டர். வி.சி.ஆருக்கும் கார்டுக்கும் நடுவே அதை இணைத்தால் நடுக்கத்தைச் சமன் செய்து அனுப்புகிறது. எல்லா ரெக்கார்டருக்கும் இந்தக் குணம் கிடையாது, பானசோனிக்கின் இ.எஸ்.10, இ.எஸ்.15 மாடல்களுக்கு உண்டு. வாங்குகிறவர்கள் பெட்டியைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சிப் எது என்று கேளுங்கள். ஒரே கூட்டுக்குள் சிந்தெக், எம்பியா, சோமாஜிக் என்று வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள். சிப்புக்கு ஏற்ற டிரைவர் (கணினியில் அதை இயக்கும் மென்பொருள்) கிடைக்காவிட்டால் புதிய விண்டோஸில் அது வெறும் பிளாஸ்டிக்தான்.

*

கெட்டிமேளத்தைப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே சிரித்துவிட்டேன், அண்ணா. என் கதை வேறு. என்னிடம் இருந்தவை மினி டி.வி. (Mini DV) கேம்கார்டர் கேசட்டுகள். அவசரப்பட்டு நானும் கேப்சர் கார்டு வாங்கி, மஞ்சள் வயரில், அதாவது அனலாக் வழியில், பதிந்தேன். பிறகு ஒரு கல்யாண வீடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நாடாவில் இருப்பதே டிஜிட்டல். அதை அனலாகாக்கித் திரும்ப டிஜிட்டலாக்குவது, அரிசியை மாவாக்கி மறுபடி அரிசி செய்வதுபோல் என்றார். கேமராவில் ஃபயர்வயர் என்ற டிஜிட்டல் இணைப்புத் துளை இருந்தது. கணினியில் அதற்கான அட்டையைப் போட்டு இணைத்தேன், அப்படியே நகலாகிறது. மணிக்குச் சுமார் 13 ஜி.பி. பிடிக்கும், அதற்கு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

*

உங்கள் இருவரையும் போல் பழைய கேசட்டுக்காக அல்ல, நான் கேமராவைக் கணினியில் இணைத்து வகுப்பு எடுப்பதற்காக எச்.டி.எம்.ஐ. கேப்சர் கார்டு வாங்கினேன். பெட்டியில் 4கே என்று கொட்டை எழுத்து. உள்ளே வாங்கிக்கொள்வதுதான் 4கே, கணினிக்குக் கொடுப்பது 1080தான். முனை நீல நிறம் என்பதால் யு.எஸ்.பி. 3 என்று நம்பினேன், உள்ளே யு.எஸ்.பி. 2. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1920×1080, புள்ளிக்கு இரண்டு பைட், வினாடிக்கு 30 சட்டகம் என்றால் 124 மெகாபைட். யு.எஸ்.பி. 2இன் உச்சமே 60. ஆக, படத்தை நசுக்கித்தான் அனுப்புகிறது. முகத்துக்குப் பரவாயில்லை, கரும்பலகையில் எழுதும் சின்ன எழுத்துகள்தான் கலங்கித் தெரிகின்றன. இப்போது கொஞ்சம் பெரிதாக எழுதுகிறேன்.