'கொலொகேசன்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

ஆங்கில ஆசிரியை, சுன்னாகம்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். க.பொ.த. சாதாரண தர மாணவர்களுக்காக நாங்கள் சிலர் எழுதிவரும் ஆங்கிலச் சொற்கைநூல் வருகிற வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் இன்னும் தலைப்பில்லை. 'கொமிற்' என்ற வினைக்கு 'செய்தல், இழைத்தல்' என்று மனனம் செய்த பிள்ளைகள் வீட்டுப்பாடத்தையும் 'கொமிற்' செய்கிறார்கள், அன்னதானத்தையும் 'கொமிற்' செய்கிறார்கள். குற்றம், கொலை, தவறு போன்ற சொற்களோடுதான் அது அந்தப் பொருளில் வரும் என்பதை ஒற்றைச்சொல் பொருள் காட்டிக்கொடுப்பதில்லை. இப்படி ஒரு சொல் குறிப்பிட்ட சில சொற்களோடு பழகி வருவதையே கொலொகேசன் என்கிறார்கள். 16 வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி இதனைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'இணைமொழி' என்று எழுத நினைத்தேன். தமிழ்ப் பாடத்தில் 'மேடு பள்ளம்', 'அல்லும் பகலும்' முதலியவற்றுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

ரீச்சருக்கு வணக்கம். இல்லாத பொருளுக்கல்லவா புதுப்பெயர் தேடவேண்டும்? 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே' என்று நன்னூலார் சொல்லி வைத்திருக்கிறார். குயில் கூவும், மயில் அகவும் என்று நாம் சிறுவயதில் ஒப்புவித்தது வேறென்ன? தொல்காப்பியரோ அதற்கும் முன்பே 'வேறுவினைப் பொதுச்சொல் ஒருவினை கிளவார்' என்றார். அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன யாவற்றுக்கும் பொதுப்பெயராதலால், அதனை 'உண்டார்' என்று ஒன்றற்கே உரிய வினையோடு சேர்க்காமல், 'அயின்றார்' என்ற பொதுவினையோடு சேர்க்கவேண்டும் என உரையாசிரியர்கள் விளக்குவர். ஆகவே 'சொன்மரபு' என்று எழுதுங்கள்.

இன்னுமொன்று. கொலொகேசனின் உள்ளே இருக்கும் 'லொகுஸ்' என்ற இலத்தீன் சொல் இடத்தைக் குறிக்கும். அது வடமொழி 'லோக'த்துக்கு உறவு. 'லோகம்' நம்முடைய 'உலகு' என்பதன் திரிபு என்று சொல்வோர் உண்டு. 'உலகு' உலவுதல் என்ற வினையடியாகப் பிறந்தது என்பது அவர்கள் கருத்து. அவர்கள் கடன் வாங்கியதை நாம் வட்டியோடு திருப்பி வாங்கத் தேவையில்லை.

மொழியியல் விரிவுரையாளர், திருநெல்வேலி:

ஐயாவுக்கு வணக்கம். முதலில் அந்த இலத்தீன் உறவை வெட்டிவிட அனுமதிக்கவேண்டும். 'லொகுஸ்' என்பதன் பழைய வடிவம் 'ஸ்த்லொகுஸ்'. 'லோக' என்பதற்கு இலத்தீனில் இனமான சொல் சோலையைக் குறிக்கும் 'லூகுஸ்' ஆகும். இரண்டும் வேறு குடும்பம். உலகு உலவட்டும், அதில் நான் தலையிடவில்லை.

'மரபு' என்பதில் எனக்குத் தடை உண்டு. மாணவர்கள் 'மரபுத்தொடர்' என்பதை வேறு பொருளில் படிக்கிறார்கள் என்பது சிறிய தடை. பெரிய தடை, மரபு உயர்ந்தோர் வழக்கைப் பின்பற்றச் சொல்லும் விதி என்பதே. 'ஒரு சொல்லை அதனோடு கூடித் திரியும் சொற்களைக் கொண்டு அறியலாம்' என்ற கருத்தை 1957இல் எழுதிய ஆங்கிலேய மொழியியலாளர் ஃபேர்த் விதி எதையும் சொல்லவில்லை. மக்கள் எதை எதனோடு சேர்க்கிறார்கள் என்று கவனித்தார். அடிசிலுக்கு 'அயின்றார்' பொருந்துவதற்கு ஒரு காரணத்தை ஐயா காட்டினார். ஆனால் தேநீருக்கு 'ஸ்ரோங்' பொருந்தும், 'பவர்ஃபுல்' பொருந்தாது என்று 1966இல் மொழியியலாளர் ஹலிடே காட்டிய இடத்தில் அப்படிக் காரணம் எதுவும் கிடையாது. இரண்டும் வலிமையையே குறிக்கின்றன. நாம் இங்கே கார் ஓடுகிறோம், தமிழ்நாட்டில் கார் ஓட்டுகிறார்கள். நாம் நித்திரை கொள்கிறோம். இவற்றுள் எதை உயர்ந்தோர் செப்பினர் என்று யார் தீர்ப்பது?

இரண்டு சொற்கள் வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. நிகழ்வுக்கு 'உடன்வரவு', அவ்வாறு வரும் சொல்லுக்கு 'உடன்வருசொல்' என்பன என் பரிந்துரை.

தனியார் கல்விநிலைய ஆசிரியர், கோப்பாய்:

சேர்மார் மன்னிக்கவேண்டும். ஆங்கிலப் பாடத்தைத்தானே படிப்பிக்கிறோம்? 'கொலொகேசன்' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் என்ன? பிள்ளை மேற்படிப்புக்குப் போனாலும் அந்தச் சொல்லைத்தான் சந்திக்கும்.

ஓய்வுபெற்ற மருத்துவர், மானிப்பாய்:

தம்பி, இந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்கக்கூடாது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஒரு வலு உண்டு: அவர் காலத்து 'அங்காதிபாதம்' என்ற சொல்லை இன்று எவரும் ஆள்வதில்லை, உடற்கூற்றியல் என்கிறோம். முதற்சொல் நிலைக்காமற் போகலாம். அது போட்ட பாதையில்தான் அடுத்த சொல் வந்தது. விரிவுரையாளரின் சொல்லுக்கு என் ஆதரவு. 'சொன்மரபு' என்பதைப் பிரித்துக் காட்டவே ஒரு பாடவேளை போய்விடும்.

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

சொல்லும் மரபும் புணர்ந்தால் சொன்மரபு என்று அறியாத பிள்ளைக்குக் கொலொகேசன் எதற்கு? சரி, உடன்வரவுதான் வேண்டுமென்றால் இலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கும் 'வருமொழி'யை எடுத்தால் என்ன?

விரிவுரையாளர், திருநெல்வேலி:

நிலைமொழிக்குப் பின்னே நிற்பதுதான் வருமொழி. பலத்த மழையைக் குறிக்கும் 'ஹெவி ரெயின்' என்பதில் மாணவர் 'ரெயின்' என்ற சொல்லுக்குத் துணை தேடுகிறார். துணையோ முன்னே நிற்கிறது. 'கொமிற்' குற்றத்துக்கு முன்னே வரும். தமிழில் 'இழைத்தல்' குற்றத்துக்குப் பின்னே வரும். 'உடன்' என்ற சொல் எந்தப் பக்கத்தையும் விலக்காது.

ஆங்கில ஆசிரியை, சுன்னாகம்:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானோர் 'உடன்வரவு' பக்கம் நிற்கிறார்கள். சிலர் விவாதம் முடிந்தால் போதும் என்பதற்காகவே நிற்கிறார்கள் என்றும் தெரிகிறது. தலைப்பில் 'உடன்வரவு' என்றும், முதல் பந்தியில் ஒருமுறை 'கொலொகேசன்' என்றும் எழுதுகிறேன். ஐயா காட்டிய அடிசில் உதாரணத்துக்குப் பதிலாகக் குயிலையும் மயிலையும் சேர்த்திருக்கிறேன். அவை பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. 'கொமிற்' என்பதற்கு நேரே பொருளை மட்டும் எழுதாமல், அதனோடு வரும் மூன்று பெயர்ச்சொற்களையும் எழுதும் பயிற்சி ஒன்றும் இருக்கும்.

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். மரபை மரபென்று சொல்லக் கூச்சப்படுவது எனக்கு உடன்பாடன்று. அச்சுக்குப் போகுமுன் ஒன்று மட்டும்: 'உடன்வருசொல்' வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாது. படியில் 'உடன்வருச்சொல்' என்று அடித்திருக்கிறீர்கள்.

விரிவுரையாளர், திருநெல்வேலி:

அதற்கு நானும் உடன்படுகிறேன். 'உடன்வருஞ்சொல்' என்று பெயரெச்சமாகவும் எழுதலாமே?

தமிழாசிரியர், வட்டுக்கோட்டை:

எழுதலாம். ஆனால் அப்படியானால் காலம் காட்டும். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொது. இதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.