ஒரே மருத்துவமனை, இரண்டு மின்னஞ்சல்: வியாழனுக்குள் முடிவு சொல்ல வேண்டும், உதவுங்கள்

புதுவரவு:
வணக்கம். இங்கிலாந்துக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இரவு ஒரு மணிக்கு இதை எழுதுகிறேன்.

இங்குள்ள ஓர் அரசு மருத்துவமனையில் அலுவலகப் பணிக்கு விண்ணப்பித்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு நேர்காணல். இரண்டு பேர் இருப்பார்கள், அரை மணி நேரம் என்று அழைப்பில் இருந்தது. போனால் மூன்று பேர். முதலில் கணினி முன் உட்காரவைத்து ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். அதைப் பற்றி அழைப்பில் ஒரு வரிகூட இல்லை. பிறகு கேள்விகள். நான் பேசப் பேச மூவரும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் தலையசைக்கவில்லை, ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம் என்றார்கள். இரண்டு வெள்ளி போய்விட்டது.

இந்தத் திங்கள்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது: வாழ்த்துகள், பணிக்கு முந்தைய சரிபார்ப்பு தொடங்குகிறது, ரெஃபரன்ஸ் விவரம், அதாவது உங்களைப் பற்றிச் சான்று சொல்லக்கூடியவரின் விவரம், தாருங்கள் என்று. வீட்டில் பாயசம் வைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். நேற்று அதே மருத்துவமனையிலிருந்து இன்னொன்று: இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை, வருந்துகிறோம். இரண்டிலும் பதவியின் பெயர் ஒன்றுதான். அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

இதற்கிடையே ஒரு கிடங்கில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது. வியாழனுக்குள் பதில் வேண்டுமாம். எதை நம்புவது? சாப்பாடே இறங்கவில்லை.

ஹாரோ சிவநேசன்:
தங்கச்சி, கிடங்கு வேலையை எடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவன். ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், எழுத்தர் வேலைக்கு நேர்காணல் முடித்து, உங்களைத்தான் எடுக்கப்போகிறோம் என்று போனில் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி, பெட்ரோல் நிலைய முதலாளி தந்த பகல்நேர மேலாளர் பொறுப்பை வேண்டாம் என்றேன். ஏழு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நிதி இல்லை, அந்த இடத்தை நிரப்பப்போவதில்லை என்று இரண்டே வரி. மேலாளர் பொறுப்பு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. அந்த மாத வாடகைக்கு மனைவியின் காப்பை விற்றோம். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கையெழுத்து வாங்காத எதையும் வேலை என்று எண்ணாதீர்கள்.

லெஸ்டர் மீனாட்சி:
அவர்கள் குனிந்து எழுதியதை நினைத்து நோகாதீர்கள். அது மரியாதைக் குறைவு இல்லை. என்.எச்.எஸ்., அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையின், நேர்காணல் என்பது மதிப்பெண் போடும் வேலை. விளம்பரத்தோடு 'பர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஓர் அட்டவணை வரும். அவசியமானவை ஒரு பக்கம், இருந்தால் நல்லது என்பவை மறுபக்கம். கேள்விகளெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன. வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, பதிலை அப்படியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் போடுவார்கள். வாயால் சொல்லாததற்கு மதிப்பெண் கிடையாது. அது உங்கள் விண்ணப்பத்தில் பக்கம் பக்கமாக இருந்தாலும் சரி.

இது எனக்குப் புரிய ஐந்து தோல்வி ஆனது. ஐந்தாவது முறை கருத்துக் கேட்டபோது ஓர் அம்மையார் பொறுமையாகச் சொன்னார்: நீ எல்லாவற்றுக்கும் 'நாங்கள் செய்தோம்' என்கிறாய், நீ என்ன செய்தாய் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன். 'நான், நான்' என்று பேசுவது அகந்தை என்றுதானே நம் வீடுகளில் வளர்த்தார்கள்? இங்கே அப்படிச் சொல்லாவிட்டால் நீங்கள் அந்த அறையிலேயே இல்லை என்று பொருள். என்ன சூழல், என்ன பொறுப்பு, நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது: இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லப் பழகுங்கள். ஸ்டார் முறை என்பார்கள். மூன்றாவது பகுதிக்கு அதிக நேரம் கொடுங்கள்.

ஒரே கேள்வி திரும்ப வந்தது போல் தோன்றினால், முதல் பதிலில் அவர்கள் தேடியது கிடைக்கவில்லை, இன்னொரு வாய்ப்புத் தருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லீட்ஸ் திருச்சிக்காரன்:
மீனாட்சி அக்கா சொல்வதெல்லாம் ஏட்டளவில் சரி. நடப்பு வேறு. அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் தற்காலிகமாக உட்கார்ந்திருப்பார். அவரை நிரந்தரமாக்கவே விளம்பரம் கொடுப்பார்கள், வெளியாள் நான்கு பேரைப் பெயருக்கு அழைப்பார்கள். எனக்கே இரண்டு முறை நடந்தது. நேர்காணலுக்குள் நுழையும்போதே ஒருவர் நேர்காணல் செய்பவர்களைப் பேர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நம் ஊர் டி.என்.பி.எஸ்.சி.யை எவ்வளவு திட்டியிருப்போம்! ஆனால் குரூப் 4 என்றால் ஒரே எழுத்துத் தேர்வு, நேர்காணலே இல்லை. விடைக்குறிப்பு வரும், மதிப்பெண் வரும், தரவரிசை வரும். தோற்றால் எத்தனை மதிப்பெண்ணில் தோற்றோம் என்றாவது தெரியும். இங்கே 'மிகுந்த போட்டி இருந்தது' என்ற ஒரே வரியை எல்லோருக்கும் அனுப்புகிறார்கள்.

கார்டிஃப் இளங்கோ:
எனக்கு ஒரு சந்தேகம். அரசு வேலைக்குப் பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும் அல்லவா? எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். சரிபார்ப்பில் அது தெரியவந்து நிறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். தங்கை பேசாமல் தனியார் பக்கம் தேடட்டும்.

தேம்ஸ்கரை வெண்ணிலா:
இளங்கோ அண்ணா, இது தவறு, தயவுசெய்து இதை யாரும் பரப்பாதீர்கள். இதே பேச்சைக் கேட்டு நான் ஒன்றரை ஆண்டை வீணாக்கினேன். மருத்துவமனைகளுக்கும் கவுன்சில்களுக்கும் குடியுரிமை நிபந்தனை பொதுவாக இல்லை, இங்கே வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். மத்திய அரசின் சிவில் சர்வீசில்தான் நாட்டுரிமை விதி இருக்கிறது. அதிலும் காமன்வெல்த் நாட்டவர் பெரும்பாலான பதவிகளுக்குத் தகுதி உள்ளவர்கள். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். ஒதுக்கப்பட்ட சில பதவிகளுக்குத்தான் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்பார்கள். பாதுகாப்பு அனுமதி வேண்டிய பதவிகளில் எத்தனை ஆண்டு இங்கே வசித்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், எஸ்.சி. (செக்யூரிட்டி செக்) எனப்படும் பாதுகாப்பு நிலைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு. புதிதாக வந்தவர்களை மடக்குவது அதுதான்.

நான் இப்போது ஓர் அரசுத் துறையில் இருக்கிறேன். அந்த முறையும் குழப்பம்தான். ஒவ்வொரு பண்புக்கும் 250 சொல்லில் ஓர் எடுத்துக்காட்டு எழுத வேண்டும், 1 முதல் 7 வரை மதிப்பெண், பெரும்பாலும் 4 வாங்கினால் தேர்ச்சி. நான் எல்லாவற்றிலும் தேர்ச்சி பெற்றேன், ஆனாலும் வேலை தரவில்லை, 'காத்திருப்போர் பட்டியல்' என்றார்கள். மரியாதையாக மறுக்கிறார்கள் என்று எண்ணி அந்த மின்னஞ்சலை அழித்துவிட்டேன். அந்தப் பட்டியல் 12 மாதம் வரை உயிரோடு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினோராவது மாதம் அழைத்தார்கள்.

ரெடிங் அப்பாஸ்:
ஒரே வேலை வரலாற்றை விண்ணப்பத்தில் ஒரு முறை, இணைப்பில் ஒரு முறை, சரிபார்ப்புப் படிவத்தில் ஒரு முறை என்று மூன்று முறை எழுதவைக்கிறார்கள். மூன்றையும் யாராவது படிக்கிறார்களா என்றால் அதுவும் தெரியாது. என் மனைவிக்கு நேர்காணலுக்கு முதல் நாள் மாலை இடத்தை மாற்றினார்கள், இணையவழி இணைப்பு வேலை செய்யவில்லை, வராதவர் என்று குறித்துவிட்டார்கள். பத்து நாள் சண்டை போட்டுத்தான் திருத்தினோம்.

தங்கச்சி, கேளுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் எழுதிய குறிப்பும் மதிப்பெண்ணும் உங்கள் தனிப்பட்ட தகவல். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், கட்டணம் இல்லை. உடனே அனுப்புங்கள். விடக்கூடாது.

லீட்ஸ் திருச்சிக்காரன்:
அப்பாஸ் பாய் சொன்னதுதான் சரி. கேள்வி கேட்காததால்தான் நம்மை இப்படி நடத்துகிறார்கள்.

ஹாரோ சிவநேசன்:
தம்பிமாரே, கேள்வி கேட்டு என் காப்பு திரும்பி வந்ததா? அந்தப் பிள்ளைக்கு வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். சட்டம் பேச ஒரு மாதம் ஆகும்.

ஆட்சேர்ப்பு மேசை:
ஐயா சொன்னது சரி, வியாழனுக்குத் திரும்புவோம். நான் வேறொரு மருத்துவமனையின் ஆட்சேர்ப்புப் பிரிவில் ஆறு ஆண்டாக இருக்கிறேன். புதுவரவு, சில விவரங்கள் இல்லாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

நீங்கள் அந்த மருத்துவமனையில் ஒரு பதவிக்குத்தான் விண்ணப்பித்தீர்களா? இரண்டு மின்னஞ்சல்களிலும் விளம்பர எண் இருக்கும், பெரும்பாலும் தலைப்பு வரியிலோ அடியிலோ. அவை ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அடுத்து, உங்கள் விசா என்ன? திங்கள் வந்த மின்னஞ்சலோடு நிபந்தனையுடன் கூடிய பணி அழைப்பு என்று ஒரு கடிதம் இருக்கிறதா? ரெஃபரன்ஸ் யாரைக் கொடுத்தீர்கள்? கடைசியாக எப்போது வேலை பார்த்தீர்கள்?

புதுவரவு:
மன்னியுங்கள், பதற்றத்தில் எதையும் எழுதவில்லை. கணவர் இங்கே நர்ஸ், ஹெல்த் அண்டு கேர் விசா. நான் அவரைச் சார்ந்தவள் என்ற விசாவில் இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட பிறகுதான் பார்த்தேன். விண்ணப்பித்தது இரண்டு. ஒன்று நிரந்தரம், மற்றது மகப்பேறு விடுப்பில் போனவருக்குப் பதிலாக. பெயர் ஒன்றே என்பதால் ஒரே வேலை என்று நினைத்துவிட்டேன். எண்ணின் கடைசி மூன்று இலக்கம் வேறு. வாழ்த்துச் சொன்னது நிரந்தரப் பணி. மறுத்தது மற்றது, அதற்கு நேர்காணலே நடக்கவில்லை. கடிதமும் இணைப்பில் இருக்கிறது, சம்பள நிலை பேண்ட் 3 என்று எழுதியிருக்கிறது. கைகள் நடுங்குகின்றன.

ரெஃபரன்ஸ்தான் சிக்கல். திருச்சியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மகன் பிறந்தபின் விட்டு இரண்டரை ஆண்டு ஆகிறது. மேலாளரின் ஜிமெயில் முகவரியைக் கொடுத்திருக்கிறேன்.

லெஸ்டர் மீனாட்சி:
அப்படியானால் நீங்கள் நன்றாகத்தான் பேசியிருக்கிறீர்கள் தங்கை! மனம் நிறைந்துவிட்டது.

ஆட்சேர்ப்பு மேசை:
நல்ல செய்தி. இப்படி இரண்டு விளம்பரத்துக்கு ஒரே பெயர் வைத்து, கடிதத்தில் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவது எங்கள் துறையின் குற்றம், உங்கள் குற்றம் இல்லை. தட்டச்சுச் சோதனையையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் நிபந்தனையுடன் கூடிய அழைப்பு இன்னும் முழு வேலை ஆகவில்லை. ஆறு சரிபார்ப்புகள் உண்டு: அடையாளம், வேலை செய்யும் உரிமை, படிப்பும் பதிவும், வேலை வரலாறும் ரெஃபரன்சும், குற்றப் பதிவு, உடல்நலம். எல்லாம் முடிந்து உறுதிக் கடிதம் வரச் சில வாரம் ஆகலாம், தாமதமானால் மாதக்கணக்கில்கூட இழுக்கும். நாள் குறிப்பிட்ட அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை வேறெதையும் விடாதீர்கள்.

ஆகவே கிடங்கு வேலைக்குச் சரி என்று சொல்லுங்கள். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. வேலையில் ஒரு மாதம் முடிந்தபின் சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு ஒரு வாரம். ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட காலம் போட்டிருக்கிறார்களா என்று கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தை மட்டும் கட்டாயம் படியுங்கள். விலகும்போது பி45 படிவத்தை, அதுவரை பெற்ற சம்பளமும் பிடித்த வரியும் இருக்கும் தாளை, வாங்கி மருத்துவமனையில் கொடுங்கள், இல்லாவிட்டால் வரி தவறாகப் பிடிக்கக்கூடும்.

ரெஃபரன்சுக்கு ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் தயங்குவார்கள், வாரங்கள் அங்கேதான் கரையும். நிறுவனத்தின் பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியை, முடிந்தால் மனிதவளப் பிரிவினுடையதை, நாளைக்கே அனுப்புங்கள். மேலாளரை இன்றே அழைத்து, படிவம் வரும், தேவையில்லாத அஞ்சல்களுக்குள் போயிருக்கும், தேடுங்கள் என்று சொல்லுங்கள். கடந்த மூன்று ஆண்டைத்தான் பார்ப்பார்கள். அதில் அரை ஆண்டுக்கு வேலை இருக்கிறது, மிச்சத்துக்கு 'குழந்தை வளர்ப்பு' என்று மாதம் ஆண்டு போட்டு எழுதுங்கள். மறைக்காதீர்கள், இடைவெளியை எழுதாமல் விட்டால்தான் கேள்வி வரும். அந்தக் காலத்துக்கு உங்களை அறிந்த பொறுப்பான ஒருவரின் பெயர் கேட்பார்கள். உறவினர் கூடாது. மகனின் மருத்துவர், பழைய பேராசிரியர் போன்றவர் ஆகலாம்.

இ-விசா கணக்கில் நுழைந்து வேலை உரிமைக்கான ஷேர் கோடு, அதாவது வேலை தருபவர் இணையத்தில் சரிபார்க்கும் குறியீட்டு எண், எடுங்கள், அது 90 நாள் செல்லும். இந்தியக் காவல்துறைச் சான்று கேட்டால் இங்கிருந்தே தூதரகத்தின் சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். கேட்கும்வரை செலவழிக்க வேண்டாம்.

தொலைபேசியை விடுங்கள். பணி அழைப்புக் கடிதத்தின் அடியில் ஒருவர் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். விளம்பர எண்ணைத் தலைப்பில் போட்டு, இந்தப் பணிக்கான அழைப்பு நடப்பில் இருக்கிறது என்பதை உறுதிசெய்யுங்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். அப்பாஸ் சொன்ன தகவல் கோரிக்கை உண்மையானது, பயனுள்ளது, ஆனால் வேலை தந்தவர்களிடம் இப்போது அது தேவைப்படாது.

ரெடிங் அப்பாஸ்:
ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஆத்திரம் முந்திவிட்டது.

கார்டிஃப் இளங்கோ:
வெண்ணிலா, அந்தக் காமன்வெல்த் விவரத்துக்கு நன்றி. நான் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரன். மூன்று ஆண்டாக விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது என்று தனியாகக் கேட்கிறேன்.

புதுவரவு:
புதன் இரவு. அந்த அதிகாரிக்கு எழுதினேன், மதியமே பதில் வந்துவிட்டது: அழைப்பு நடப்பில் இருக்கிறது, மற்ற மின்னஞ்சலைப் பொருட்படுத்த வேண்டாம், குழப்பத்துக்கு மன்னிக்கவும் என்று. மேலாளர் நிறுவன முகவரியைக் கொடுத்துவிட்டார். கிடங்கின் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்பு ஒரு வாரம்தான், படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டேன். திங்கள் காலை ஆறு மணிக்கு முதல் ஷிஃப்ட். சிவநேசன் அண்ணா, வெறும் வயிற்றில் போக வேண்டாம் என்று கணவர் இப்போதே இட்லிக்கு ஊறப்போட்டிருக்கிறார். குளிருக்கு எந்த மாதிரிக் காலணி வாங்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஹாரோ சிவநேசன்:
முனையில் இரும்பு வைத்த பாதுகாப்புக் காலணி தங்கச்சி. நீங்கள் வாங்க வேண்டாம், பாதுகாப்புக்குத் தேவை என்றால் வேலை தருபவரே தர வேண்டும், நாளைக்கே கேளுங்கள். உள்ளே இரண்டு சோடி கம்பளிக் காலுறை போடுங்கள். அளவு ஒன்று கூட்டிச் சொல்லுங்கள்.